பொட்டு வெச்ச பதினோரு குண்டுகள்

இந்த வேலைக்குப் புதுசா வந்திருக்கற பசங்களா, எக்ஸ்ரே எப்படி எடுக்கணும்னு நான் உங்களுக்குச் சொல்லப் போறதில்லை. அது இப்ப கம்ப்யூட்டர்லயே வந்துடுது, உங்களுக்கு என்னைவிட நல்லாவே தெரியும். இருபத்தாறு வருஷம் இந்த ஹூஸ்டன்ல ஒரே லேப்ல குப்பை கொட்டினவ நான். எண்ணெய்க் குழாய், வால்வு, வெல்டிங், வார்ப்பு இரும்புன்னு எது வந்தாலும் உள்ளே விரிசல் இருக்கா, ஓட்டை இருக்கான்னு படம் பிடிச்சுப் பார்த்து, "சரி"ன்னு கையெழுத்துப் போடறதுதான் என் பொழப்பு. பெருமையாச் சொல்லிக்கறதுக்கும் நிறைய இருக்கு. அதையெல்லாம் ஃபேர்வெல் பார்ட்டியிலயே சொல்லித் தீர்த்தாச்சு. இன்னிக்கு நான் பண்ணின ஒரு முட்டாள்தனத்தைச் சொல்றேன். சிரிக்கறவங்க முதல் பாதியிலேயே சிரிச்சுக்குங்க, அப்புறம் சிரிப்பு வராது.

ஏழெட்டு வருஷம் இருக்கும். சான் அன்டோனியோ போற வழியில ஒருத்தர் பழைய ராணுவ வண்டிகளா வாங்கி நிறுத்தி ஒரு சின்ன மியூசியம் நடத்திட்டிருந்தார். முன்னாடி ஸ்கூல் வாத்தியாரா இருந்தவர். நம்ம மேனேஜருக்கு சிநேகிதர். அவர் எங்கேயோ பிடிச்சு சோவியத் காலத்துக் கவச வண்டி ஒண்ணு கொண்டு வந்துட்டார். டாங்க் இல்லை. உள்ளே சிப்பாய்களை ஏத்திட்டுப் போகும், தலையில ஒரு சின்ன பீரங்கி இருக்கும், அந்த ஜாதி வண்டி. அதோட பீரங்கிக் குண்டுகளைச் சேர்த்து வெச்சிருந்த ஒரு கலெக்டர், ஜில்லா கலெக்டர் இல்லை, பழைய சாமான் சேகரிக்கறவர், இறந்து போக, அவர் பொண்ணு பதினோரு குண்டை மியூசியத்துக்கு இனாமாக் கொடுத்துட்டா. கூடவே அப்பா கையால எழுதின ஒரு பேப்பர். எல்லாத்தையும் திறந்து மருந்தை எடுத்துட்டு, உள்ளே பிளாஸ்டர் ஊத்தி மூடியாச்சு, ஆபத்து கிடையாதுன்னு அதுல இருந்தது.

இன்ஷூரன்ஸ்காரங்க சும்மா விடுவாங்களா? வெளியாள் ஒருத்தர் பார்த்துக் கையெழுத்துப் போடணும்னுட்டாங்க. வாத்தியார் நம்ம மேனேஜருக்கு ஃபோன் பண்ணினார். மேனேஜர், "குழாய்க்குள்ள என்ன இருக்குன்னு பார்க்கறோம், இதுக்குள்ள பார்க்க முடியாதா, கொண்டு வா"ன்னுட்டார். நல்ல மனுஷன், யாருக்கும் இல்லைன்னு சொல்ல வராது. அன்னிக்கு இல்லைன்னு சொல்லியிருக்கணும்.

பெட்டியைத் திறந்தப்ப நான்தான் பக்கத்துல நின்னேன். ஒவ்வொண்ணும் பூரிக்கட்டை நீளம்தான். கீழ்ப்பக்கம் பச்சை கலந்த பழுப்பு, மேலே சாம்பல், நடுவுல ஒரு செம்பு வளையம். வளையமெல்லாம் களிம்பேறிப் பச்சையாக் கிடந்தது. நான் டாங்க் ஃபேக்டரி இருக்கற ஆவடியில வளர்ந்தவ. எங்க ஸ்கூல் பஸ் டாங்குக்கு வழி விட்டு ஓரமா நிக்கும். அதனால பயமெல்லாம் ஒண்ணும் இல்லை. மண்டைக்குள்ள ஒரே குடைச்சல்தான்.

ஏன்னு கேளுங்க. இரும்புல விரிசல் இருந்தா அது எனக்கு ரிஜெக்ட். மயிரிழை விரிசலைக்கூட விடமாட்டேன், அதுக்காக எத்தனை கான்ட்ராக்டர்கிட்ட திட்டு வாங்கியிருக்கேன் தெரியுமா? இது என்னடான்னா உடையறதுக்குன்னே செஞ்ச இரும்பு! கவசத்தைத் துளைக்கறதுக்கு அவங்ககிட்ட வேற குண்டு இருக்கு. இதோட வேலை வெடிக்கறது, ஓடு சில்லு சில்லாச் சிதறி சுத்தி இருக்கறவங்க மேல பாயறது. ரொம்பப் பொடியா உடைஞ்சா வேகம் போயிடும், பெருசா உடைஞ்சா நாலு துண்டோட முடிஞ்சுடும். அப்போ அந்த ஊர் ஃபேக்டரியிலயும் என்னை மாதிரி ஒரு பொம்பளை உட்கார்ந்து, இது நல்லா உடையும், பாஸ்னு கையெழுத்துப் போட்டிருப்பா இல்லே? எதைப் பார்த்து அவ ஓகே பண்ணினா? எனக்குத் தெரிஞ்சே ஆகணும் போல இருந்தது. அந்தச் சில்லெல்லாம் யார் மேல பாய்ஞ்சிருக்கும்னு ஒரு நிமிஷம்கூட நான் யோசிக்கலை. அதை நினைச்சா இப்பவும் வெட்கமா இருக்கு.

பெட்டி வந்த மறுநாள் ஆயுத பூஜை. எங்க லேப்ல பாதிப் பேர் நம்மாளுங்க, வருஷா வருஷம் விடாமக் கொண்டாடுவோம். மேனேஜருக்குச் சுண்டல்னா உயிர், அவரே முதல் ஆளா வந்து நிப்பார். அன்னிக்கு எந்த மெஷினையும் தொடமாட்டோம். துடைச்சு, பொட்டு வெச்சு, பூ போட்டு ஓய்வு கொடுத்துடுவோம். நம்ம கடைங்க இருக்கற ஹில்கிராஃப்ட் தெருவுல கதம்பம் கிடைக்கலை, சாமந்தி மட்டும் வாங்கிட்டு வந்திருந்தேன். ஸ்பேனர், அளவுகோல், கேமரா எல்லாம் பளபளன்னு வரிசையா இருந்தது. பக்கத்து மேஜையில இந்தப் பதினோரு குண்டும் அழுக்குப் பிடிச்சுக் கிடந்தது. "ஆயுத பூஜைன்னு பேரை வெச்சுக்கிட்டு நிஜ ஆயுதத்தை விட்டுட்டோமே"ன்னு யாரோ ஜோக் அடிச்சாங்க. யாரோ என்ன, நான்தான்.

குத்துவிளக்குத் தேய்ச்ச புளி மிச்சம் இருந்தது. எடுத்தேன். செம்பு வளையத்தைத் தேய்ச்சா நம்ம வீட்டுச் சொம்பு மாதிரி பளிச்சுன்னு வருது! அதோட விட்டேனா? உடம்புல மங்கலா ரஷ்ய எழுத்து ஏதோ தெரிஞ்சது. அதைப் படிச்சா அந்த ஃபேக்டரி பொம்பளையைப் பத்தி ஏதாவது துப்புக் கிடைக்கும்னு ஆசை. சோப்புத் தண்ணி, நார், ஈரத்துணின்னு ஒவ்வொண்ணாக் குளிப்பாட்டினேன். ஒண்ணு மேல வெள்ளையா ரெண்டு கோடு குறுக்கும் நெடுக்குமா இருந்தது. அட்டைப்பெட்டித் தூசின்னு நினைச்சு ஒரே இழுப்புல துடைச்சேன். கடைசியில பதினோரு குண்டுக்கும் சந்தனம், குங்குமம், தலைக்கு ஒரு சாமந்தி. எல்லாரும் ஃபோட்டோ எடுத்தாங்க. மேனேஜர் சுண்டலை மென்னுக்கிட்டே, "வசந்தா, இதுங்க இவ்வளவு அழகா இருந்ததே கிடையாது"ன்னார்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாள், முதல் வேலையா இந்தப் படங்களை எடுத்து முடிச்சுடலாம்னு சீக்கிரமே போயிட்டேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு வாத்தியார் வேனோட வர்றார். சனிக்கிழமை திறப்பு விழா, மூணு ஸ்கூல் பஸ் வருது. குழந்தைங்களுக்குன்னு ஒரு மேஜை ரெடி பண்ணி, 'தொட்டுப் பாருங்கள்'னு போர்டு எழுதி எங்களுக்கு ஃபோட்டோவும் அனுப்பியிருந்தார்.

ஒன்பது மணிக்கு மேனேஜர் என் ரூம் வாசல்ல தலையை நீட்டினார். "வசந்தா, அந்தக் கலெக்டரோட பொண்ணு மியூசியத்துக்கு ஃபோன் பண்ணினாளாம். அப்பா ஒரு குண்டை மட்டும் பின்னாடி வேற யார்கிட்டயோ வாங்கினாராம். அதை அவர் திறந்தே பார்க்கலையாம். அடையாளத்துக்குச் சாக்பீஸ்ல ஒரு பெருக்கல் குறி போட்டு வெச்சிருக்காராம். இப்பதான் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கு. அதைத் தொடாம தனியா விட்டுடு. மத்த பத்தையும் முடிச்சுடு."

அப்போ நான் துடைச்சது தூசி இல்லை, சாக்பீஸ்.

"பார்க்கறேன்"னு மட்டும் சொன்னேன். அவர் போயிட்டார். நான் அந்த மேஜை முன்னாடி போய் நின்னேன். பதினொண்ணும் பளபளன்னு ஒரே மாதிரி நிக்குது. எது மேல வெள்ளைக் கோடு இருந்தது? இடமிருந்து மூணாவதா, நாலாவதா? துடைச்ச அப்புறம் அழகுக்காக வரிசையை வேற மாத்தி வெச்சிருந்தேன். கோடு இருந்ததே எனக்கு மட்டும்தான் தெரியும்.

இப்ப நான் சொல்றதை நல்லாக் கேட்டுக்குங்க. அந்த நேரத்துல என் மனசு, குழந்தைங்களுக்கு என்ன ஆகும்னு கேட்கலை. நான் எப்படித் தப்பிக்கறதுன்னு கேட்டுது. கோடு எதுவும் இல்லைன்னு சொல்லிடலாம். பெட்டியில உரசி அழிஞ்சிருக்கும்னு எல்லாரும் நம்புவாங்க. அதான் எக்ஸ்ரே இருக்கே, பதினொண்ணையும் எடுத்துப் பார்த்தா எதுன்னு தெரிஞ்சுடப் போகுது, யாருக்கும் தெரியாம நானே கண்டுபிடிச்சு ஓரமா வெச்சுடலாம். கிட்டத்தட்ட இருபது வருஷ சர்வீஸ், லேப்லயே பெரிய லைசென்ஸ் என்னோடது, குண்டுக்குப் பொட்டு வெச்சதுல போகணுமா? இப்படியெல்லாம் நினைச்சுக்கிட்டே முதல் குண்டைக் கையில எடுத்துட்டேன்.

அப்பதான் எங்க யாழ்ப்பாணத்துக்காரர் உள்ளே வந்தார். பேர் சொல்லமாட்டேன், சொன்னா என்னோட சண்டைக்கு வருவார். லேப்ல ரேடியேஷன் சேஃப்டி அவர் பொறுப்பு. என்னைவிட நாலு வயசு சின்னவர், அக்கான்னுதான் கூப்பிடுவார். வருஷா வருஷம் சுண்டலுக்கு வர்ற மனுஷன், அந்த வருஷம் பொண்ணைப் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதுக்காக ரெண்டு நாள் லீவு. அதனால குண்டு வந்ததே அன்னிக்குக் காலையில மேனேஜர் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். கதவுகிட்டயே அப்படியே நின்னுட்டார்.

"அக்கா, உந்தக் குண்டை எடுத்த இடத்திலயே வையுங்கோ. மெதுவா."

"என்னப்பா, இப்படிப் பயமுறுத்தறீங்க? உள்ளே பிளாஸ்டர்தான்."

"ஆர் சொன்னது?"

"பேப்பர்ல இருக்கு."

"பேப்பர் எழுதின ஆள் உயிரோட இருக்கிறாரோ?"

நான் குண்டைக் கீழே வெச்சேன். அவர் கிட்ட வரலை, அங்கேயிருந்தே பார்த்தார். "ஒண்டில சோக் அடையாளம் இருக்காம் எண்டு மனேஜர் இப்ப சொன்னவர். எது?"

"அப்படி எதுவும் இல்லை. நான் பார்க்கலை." வாய் கூசாம சொன்னேன்.

அவர் சந்தனத்தைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், பளபளக்கற வளையத்தைப் பார்த்தார். அப்புறம் ரொம்ப மெதுவாக் கேட்டார், "கழுவினனீங்களோ, அக்கா?"

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஆமான்னு தலையை ஆட்டினேன்.

"சின்ன வயசில நாங்கள் ஷெல் துண்டு பொறுக்கித் திரிஞ்சனாங்கள். எங்கட வீட்டு வளவுக்க விழுந்து வெடிக்காமக் கிடந்ததுகளையும் பாத்திருக்கிறன். ஷெல்லைக் குளிக்க வார்த்துப் பொட்டு வச்ச ஆளை இண்டைக்குத்தான் காணுறன்." சிரிக்கற மாதிரிதான் சொன்னார். ஆனா அவர் பார்வை குண்டை விட்டு நகரலை.

"எக்ஸ்ரே எடுத்தா எதுன்னு தெரிஞ்சுடும்ப்பா"ன்னேன்.

"என்ன தெரியும்? உள்ளுக்கு நிரம்பியிருக்கு எண்டு தெரியும். என்னத்தால நிரம்பியிருக்கு எண்டு தெரியுமோ? அவ்வளவு தடிச்ச இரும்புக்குள்ள பிளாஸ்டரும் மருந்தும் உங்கட படத்தில வேற வேறயாத் தெரியுமோ? நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லித் தந்தனீங்கள்."

ஆமா, நான்தான் சொல்லிக் கொடுத்தேன். புதுசா வர்றவங்களுக்கு முதல் வாரமே நான் எடுக்கற பாடம் அது. படம் காட்டறது அளவையும் இடைவெளியையும்தான், பொருளோட பேரை அது சொல்லாது. ஊருக்கே சொல்லிக் கொடுத்தவளுக்கு அந்த அஞ்சு நிமிஷத்துல அது மறந்தே போச்சு. தெரியாம மறக்கலை, மறக்கணும்னு ஆசைப்பட்டு மறந்தேன்.

"மனேஜரிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்கோ, அக்கா. நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி இருக்கும். நான் நடையில நிண்டு ஒருத்தரையும் இந்தப் பக்கம் விடாமப் பாக்கிறன். கெதியாப் போங்கோ."

மேனேஜர் ரூம் முப்பது அடி தூரம்கூட இருக்காது. அவ்வளவு தூரம் நான் என்னிக்கும் நடந்ததில்லை. உட்காரலை, நின்னுக்கிட்டே சொன்னேன். "கோடு இருந்தது. நான்தான் துடைச்சுட்டேன். எதுல இருந்ததுன்னு எனக்குத் தெரியாது. உங்ககிட்ட பார்க்கறேன்னு சொன்னப்பவே எனக்கு அது தெரியும்." அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாம விட்டுடலாம்னு நாக்கு எவ்வளவோ கெஞ்சினது. மேனேஜர் முகம் வெளுத்துப் போச்சு. ஒரு வார்த்தை திட்டலை. போலீஸுக்கு ஃபோன் பண்ணினார், ஃபயர் அலாரத்தை இழுத்தார்.

மொத்த லேபும் பார்க்கிங் லாட்டுக்கு வந்துடுச்சு. வெயில் மண்டையைப் பிளக்குது. வெடிகுண்டு எடுக்கற குழு வந்தது. அதுக்குத் தலைமை ஒரு பொம்பளை, என் வயசு இருக்கும். யார் கடைசியாத் தொட்டதுன்னு கேட்டா. கை தூக்கினேன். என்னை ஓரமாக் கூட்டிட்டுப் போய் எதால தேய்ச்சே, எவ்வளவு நேரம், எங்கேயாவது தட்டினியா, கீழே போட்டியான்னு ஒவ்வொண்ணாக் கேட்டா. புளின்னா என்னன்னு விளக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. சமையலுக்குப் போடறதான்னு ரெண்டு தடவை கேட்டு எழுதிக்கிட்டா. அதுக்கப்புறம் பேனாவை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தா.

"வெள்ளைக் கோடு எதுல இருந்தது? உத்தேசமாச் சொன்னாலும் பரவாயில்லை."

பசங்களா, முதல் பொய்யைவிட இதுதான் கஷ்டமா இருந்தது. ஏன்னா இப்ப எனக்கு உதவி பண்ணணும்னு ஆசை. ஏதாவது ஒரு நல்ல பதில் சொல்லி, பண்ணின பாவத்துல கொஞ்சம் கழிச்சுக்கணும்னு ஆசை. இடமிருந்து நாலாவதுன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. நிஜமாவே நாலாவது மாதிரிதான் இருந்தது. ஆனா நான் நாலாவதுன்னு சொன்னா குண்டுகளை எடுக்க உள்ளே போற அந்தக் குழுவோட கவச உடைக்காரர் மத்த பத்தைக் கொஞ்சம் லேசாப் பார்ப்பார். மனுஷன்தானே. என் உத்தேசத்தை நம்பி அவர் கை நீட்டுவார்.

"தெரியாது"ன்னேன். "உத்தேசம்கூடக் கிடையாது."

"நல்லது. அப்போ பதினொண்ணுமே உயிரோட இருக்குன்னு வெச்சுக்கறோம்"னு சொல்லிட்டுப் போயிட்டா.

ரெண்டு மணிக்கு வாத்தியார் வேன் வந்தது. போலீஸ் உள்ளே விடலை. விஷயம் தெரிஞ்சதும் என்கிட்ட வந்து, "பேப்பர்ல தெளிவா எழுதியிருக்கே, சனிக்கிழமைக்கு நான் என்ன பண்ணுவேன்"னு கத்தினார். எனக்கு அந்தப் போர்டுதான் கண்ணு முன்னாடி நின்னது. சாயங்காலத்துக்குள்ள பதினொண்ணையும் மணல் நிரப்பின வண்டியில ஏத்திக் கொண்டு போயிட்டாங்க, சாமந்தியோட.

என் கையெழுத்து உரிமையை ஆறு மாசத்துக்கு நிறுத்தி வெச்சாங்க. நான் டிரெயினிங் கொடுத்த பொண்ணுக்குக் கீழேயே அசிஸ்டன்ட்டா வேலை பார்த்தேன். அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பொட்டு வெச்ச கதை ஹூஸ்டன் தமிழ்ச் சங்கம் வரைக்கும் போய், பொங்கல் விழாவுல மூஞ்சி தெரியாத அங்கிள் ஒருத்தர் வந்து, "குண்டுக்கு அபிஷேகம் பண்ணினது நீங்கதானா"ன்னார். அதுலதான் வருத்தம்.

குண்டுகளைக் கொண்டு போன மூணாவது வாரமே அந்தக் குழுத் தலைவி ஃபோன் பண்ணினா. ரிப்போர்ட் வர நாளாகும், நீ தெரிஞ்சுக்க ஆசைப்படுவேன்னு கூப்பிட்டேன்னா.

"எது, கண்டுபிடிச்சீங்களா?"

"ரெண்டு"ன்னா.

புரியலை எனக்கு. "ரெண்டாவதா?"

"இல்லைம்மா. ரெண்டு குண்டு. பதினொண்ணுல ரெண்டுல மருந்து அப்படியே இருந்தது. உங்க கலெக்டர் ஒண்ணைத் திறந்ததா நினைச்சுத் திறக்காமலே விட்டிருக்கார்."

எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டேன், சொல்லலை. ரெண்டையும் அழிச்சாச்சுன்னு மட்டும் சொன்னா.

லேப்ல விஷயம் பரவினதும் நம்மாளுங்க என்னைத் தூக்கி வெச்சுக்காத குறை. "நீங்க துடைச்சதே நல்லதாப் போச்சு மேடம், இல்லைன்னா ஒண்ணை மட்டும்தானே ஒதுக்கியிருப்போம், அம்பாள்தான் உங்க கையில துணியைக் கொடுத்திருக்கா"ன்னு ஒருத்தன். சர்க்கரைப் பொங்கல் வைக்கணும்னு இன்னொருத்தி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அடுத்த வருஷம் எவனாவது குருட்டுத்தனமா எதையாவது துடைச்சுட்டு அம்பாள் பார்த்துப்பான்னு சொல்லவா? போய் வேலையைப் பாருங்கன்னு கத்திட்டு கேன்டீனுக்குப் போயிட்டேன்.

யாழ்ப்பாணத்துக்காரர் அங்கே டீ குடிச்சுக்கிட்டிருந்தார். அவர்கிட்டயும் சொன்னேன், ரெண்டு இருந்ததாம்னு. அவர் சிரிக்கலை, கடவுள் பேரையும் எடுக்கலை. கப்பைக் கீழே வெச்சார்.

"சோக் அழியாமல் இருந்திருந்தால் மற்றப் பத்துக்கும் படம் எடுத்திருப்பியள், என்ன?"

"ஆமா."

"பத்தும் நிரம்பினதாத்தான் தெரிஞ்சிருக்கும். பேப்பரில பிளாஸ்டர் எண்டு இருக்கு. அப்ப அந்த ரெண்டாவதுக்கு ஆர் அக்கா கையெழுத்து வச்சிருப்பினம்?"

"நான்தான்"னேன். "ஒரு நிமிஷம்கூட யோசிச்சிருக்கமாட்டேன்."